தலைகீழ் ஸ்டாம்பும் கழுவிய கடுதாசியும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரைதான் பள்ளிக்கூடம் போனவள். பேனா பிடித்தால் வரி மேலே ஏறிப்போகும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. இது மட்டும் மறக்கவில்லை. மறந்தால் நல்லது என்று நினைத்த வருஷங்கள் உண்டு.

ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் ஒரு மலர் போடுகிறார்களாம். அபூர்வமான ஸ்டாம்பும் அதன் கதையும் யாருக்குத் தெரிந்தாலும் எழுதித் தரலாம் என்று எங்கள் கோயில் பலகையில் ஒட்டியிருந்தது. எனக்கு ஒரே ஒரு ஸ்டாம்பின் கதை தெரியும். இந்தக் கையால்தான் அதைத் தண்ணீரில் போட்டேன். யார் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் என் பெயரையும் எழுத வேண்டும்.

எழுபதுகளில் நடந்தது. எந்த வருஷம் என்று திட்டமாகத் தெரியாது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வரத் தொடங்கியதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் என்று வைத்துக்கொள்ளலாம். என் அம்மா இறந்த பிறகு என்னை நாசரேத் பக்கத்திலிருந்து பெரியம்மா வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். சொந்தப் பெரியம்மா இல்லை, அம்மாவுக்குச் சித்தி மகள். பெரியப்பா ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோரும் ரைட்டரையா என்பார்கள். அந்த வீட்டில் நான் சோறு பொங்கினேன், துணி துவைத்தேன், ஸ்டாம்பு உரித்தேன்.

ஸ்டாம்பு உரிப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய உறையை ஸ்டாம்பு ஒட்டின பக்கம் மேலே தெரிகிற மாதிரி பீங்கான் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட வேண்டும். சாயம் கரையாமலிருக்க ஒரு சிட்டிகை உப்பு. அவசரப்பட்டு இழுத்தால் முதுகு கிழிந்துவிடும். பசை தானாக விட்டதும் இடுக்கியால் எடுத்து, மை ஒற்றுகிற தாளில் குப்புறப் போட்டு, ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழைய தடிப் புத்தகத்தை மேலே வைக்க வேண்டும். "இவளுக்குக் கையில வேர்வையே கிடையாது, வாயில பேச்சும் கிடையாது. இந்த வேலைக்குன்னே பிறந்தவ" என்று பெரியப்பா சொல்லுவார். நான் ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள். யாராவது பேர் கேட்டால்கூடக் கழுத்து வியர்த்துவிடும். கையில் மட்டும்தான் வியர்க்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு எழுந்ததும் சிநேகிதர்கள் வருவார்கள். சுங்க ஆபீசில் இருந்தவர் ஒருவர், மருந்துக்கடை அண்ணாச்சி ஒருவர், இன்னும் இரண்டொருவர். பெரியப்பா ஆல்பத்தை விரித்து வைத்துக் கதை சொல்லுவார். நன்றாகவே சொல்லுவார். வெள்ளைக்கார ராணியின் தலை தலைகீழாக அச்சாகிவிட்ட ஸ்டாம்பு, அதை அறியாமல் நாலணா கொடுத்து வாங்கி ஒட்டினவர்கள். அச்சடித்தவன் தாளைத் திருப்பி வைத்த ஒரு நிமிஷத் தப்பு, அதற்கு இன்றைக்கு ஒரு பங்களா விலை என்பார்.

அவருக்கு மிகவும் பிடித்த கதை வேறு. உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் உண்டு என்கிற ஸ்டாம்பு ஒரு பணக்காரனிடம் இருந்ததாம். ஒருநாள் ஒருவன் அதே மாதிரி இன்னொன்றைக் கொண்டுவந்து நீட்டினானாம். பணக்காரன் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி, அவன் முன்னாலேயே தீக்குச்சி உரசிக் கொளுத்திவிட்டானாம். "இப்பவும் ஒண்ணுதான் இருக்கு" என்றானாம்.

மருந்துக்கடை அண்ணாச்சி நாக்கைச் சப்பினார். "பாவம்லா?"

"யாருக்குப் பாவம்?" என்றார் பெரியப்பா. "நாலு பேருகிட்ட இருந்தா அதுக்குப் பேரு ஸ்டாம்பு இல்ல வேய், உப்பு."

இனி அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா என்று நான்தான் கூப்பிடுவேன். அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். உப்பளத்தில் வேலை. பாதம் இரண்டும் வெடித்து வெள்ளையாக இருக்கும். எங்கள் வீட்டு நடையில் ஏறும்போது சிமெண்டில் உப்புத்தடம் விழுகிறது என்று பெரியம்மா முணுமுணுப்பாள். புருஷன் ஓடாவி. தோணிக்குப் பலகை மாற்றுகிற தச்சன். மாலத்தீவில் ஒரு முதலாளிக்குத் தோணி பழுது பார்க்க ஒரு வருஷம் என்று பேசிப் போயிருந்தான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியும். இவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. பதில் போட வேண்டுமென்றால் விலாசம் இங்கிலீஷில் எழுத வேண்டும், அதற்கு அந்தத் தெருவில் ரைட்டரையாவை விட்டால் ஆள் இல்லை. கொழுந்தன் ஒருத்தன் இருந்தான், அவனிடம் கொடுத்தால் கடுதாசியில் உள்ளது கள்ளுக்கடை வரைக்கும் போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

முதல் கடுதாசியோடு அவள் வந்த அன்று பெரியப்பா ஸ்டாம்பைப் பார்த்தார். மஞ்சளும் நீலமுமாக ஒரு மீன். அந்த நாட்டு ஸ்டாம்பு கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும், ஆனால் அதெல்லாம் கடிதம் பார்க்காத ஸ்டாம்பு, நிஜமாகக் கடல் தாண்டி வந்ததுதான் கிடைக்காது என்று பிறகு சிநேகிதர்களிடம் சொன்னார். அவளிடம் சொன்னது வேறு.

"வாசிச்சுச் சொல்லுதேன், பதிலும் எழுதித் தாரேன். கூலி கீலி ஒண்ணும் வேண்டாம். ஸ்டாம்பை மட்டும் நான் எடுத்துக்கிடுதேன்."

"எடுத்துக்கிடுங்க ஐயா. அதை வச்சு நான் என்ன தாளிக்கவா போறேன்?"

"தாளோட சேத்து ஊறப் போடணும். எழுத்து கரைஞ்சு போகும், பாத்துக்க."

"வாசிச்ச கடுதாசிதான ஐயா. காதுல விழுந்துட்டுல்லா. எழுத்து இருந்தா என்ன, போனா என்ன, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இப்போது நினைத்தால் எல்லாம் அந்த ஒரு பேச்சில் முடிந்துபோனது என்று தோன்றுகிறது.

அவன் உறையில் போட்டு அனுப்புகிறவன் அல்ல. ஒரே தாளில் எழுதி, மடித்து, முதுகிலேயே ஸ்டாம்பு ஒட்டிவிடுவான். மைப்பேனாவில் எழுதுவான். பெரியப்பா வாசித்து முடித்ததும் கதவுக்குப் பின்னால் நிற்கிற என்னிடம் தாளை நீட்டுவார். நான் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் சுட வைப்பேன். தண்ணீர் சுடுகிற நேரத்தில் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எனக்கு வாசிக்கத் தெரியும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாசித்து முடித்ததும் தட்டில் போடுவேன். தண்ணீர் நீலமாகும். "அன்புள்ள" என்கிற எழுத்து கடைசிவரை நிற்கும், அதைத்தான் அவன் அழுத்தி எழுதுவான்.

ஸ்டாம்பு உரித்த பிறகு அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் அவள் கேட்டு வாங்கிப் போனாள். "அவிய கை பட்ட தாளுல்லா" என்றாள். காயவைத்து, மடித்து, செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுவாள்.

பெரியப்பாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்தார். "முத்துக் குளிச்ச காலத்துல சிப்பியக் குவிச்சு அழுகப் போட்டுத்தான் முத்தை எடுப்பாவ. முத்து எனக்கு. அழுகுன சிப்பி அவளுக்கு. அதையும் மாரோட சேத்து வச்சுக்கிட்டுப் போறா பாருங்க."

அவள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்துதான் வர முடியும். மற்ற நாளெல்லாம் உப்பளம். அதனால் சிநேகிதர்கள் இருக்கும்போதே கடுதாசி வாசிப்பு நடந்தது. ஒரு தடவை அவன், நீ தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசம் இங்கே ஒரு கடையில் வந்தது, அங்கேயே நின்றுவிட்டேன் என்று எழுதியிருந்தான். பெரியப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.

சுங்க ஆபீஸ்காரர், "அது என்ன எண்ணெய்ளா? எங்க வீட்டுக்காரிக்கும் வாங்கிக் கொடுக்கேன். கடையில போய் நானும் நிக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் நானும் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

ஏழெட்டுக் கடுதாசி அப்படி வந்தது. அதுவரை உள்ளதைத்தான் வாசித்தார்.

அப்புறம் ஒன்று வந்தது. ஆட்டின் பெயரைச் சொல்லி அது குட்டி போட்டதா என்று கேட்டிருந்த கடுதாசிக்கு அடுத்தது. பெரியப்பா ஸ்டாம்பைப் பார்த்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். சங்குப் படம் போட்ட ஸ்டாம்பு. பழைய விலையின்மேல் கறுப்பு மையில் புது விலை அடித்திருந்தது. அந்தப் புது விலை தலைகீழாக இருந்தது. தாளை வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், பூதக்கண்ணாடி கேட்டார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஐயா, அவிய என்ன எழுதியிருக்காவ?"

"இரு, இரு." வாசித்தார். "சொகமா இருக்கானாம். முதலாளி இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லுதாராம். இருக்கப் போறானாம்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் ஒரு வருசமா? வேண்டாம் ஐயா. வரச் சொல்லி எழுதுங்க. கூழைக் குடிச்சாலும் இங்கன சேந்து குடிப்போம். கச்சான் காத்து அடங்குனதும் மொதத் தோணியில ஏறச் சொல்லுங்க. பிள்ள அப்பன் முகத்தை மறந்துட்டான்னு எழுதுங்க."

பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நான் அடுக்களையில் அவன் எழுதியதை வாசித்தேன். வேலை முடிந்துவிட்டது. முதலாளி இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். எனக்கு மனசு இல்லை. ஒரு மாதமாக இருமல், மீன் சாறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வா என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் அடுத்த தோணியில் ஏறிவிடுவேன். இதுதான் இருந்தது. எனக்குத்தான் கூட்டி வாசிக்கத் தெரியவில்லையோ என்று இன்னொரு தரம் வாசித்தேன். அதற்குள் தண்ணீர் கொதித்துவிட்டது. ஆற வைத்து, உப்புப் போட்டு, தாளைப் போட்டேன்.

வெளியே வந்தபோது பெரியப்பா எழுதிய பதிலைக் கொடுத்து, பசை தடவி ஒட்டித் தபாலில் போடச் சொன்னார். பசைச் சட்டி அடுக்களையில்தான் இருந்தது. அதையும் வாசித்தேன். அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும், கூட்டவே வேண்டாம்.

"நீங்கள் இப்போது வர வேண்டாம். இங்கே எல்லோரும் சுகம். இன்னும் ஒரு வருஷம் இருந்தால் வீட்டுக்கு ஓடு போடலாம். அடுத்த கடிதத்துக்கு இதே தபாலாபீசில் இதே சங்கு ஸ்டாம்பை நாலு சேர்ந்தாற்போல் கிழிக்காமல் வாங்கி ஒட்டவும். மறக்க வேண்டாம்."

அதற்குக் கீழே அவள் பெயர்.

ஒட்டினேன். தெருமுனையில் தபால் பெட்டி. அதன் முன்னால் நின்றேன். கிழித்துப் போட்டுவிடலாம். அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான், ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் பெரியப்பாவுக்குத் தெரியும். தெரிந்தால் நான் எங்கே போவேன்? இப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அது முழு நிஜமில்லை. அவள் வீட்டுக்குப் போய், அவள் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச எனக்கு வெட்கம். அவ்வளவுதான். ஒரு ஆளுடைய உயிரைவிட என் வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது.

பின்னால் வந்த மீன்காரி, "என்னளா, பெட்டிக்குள்ள பாம்பா கிடக்கு? போடுதா இருந்தா போடு, இல்லன்னா வழிய விடு" என்றாள்.

போட்டேன்.

திரும்பும்போது அவளே எதிரில் வந்தாள். "போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் அக்கா."

"நல்லா ஒட்டுனியா? வழியில பிரிஞ்சிராதே?"

"பிரியாது."

என் கன்னத்தைத் தொட்டு அந்த விரலை முத்தமிட்டுக்கொண்டு போனாள். விரல் சொரசொரவென்று இருந்தது.

பதில் வர ரொம்ப நாளாயிற்று. வந்தபோது நாலு சங்கு, கிழிக்காமல், நாலிலும் விலை தலைகீழ். ஓரங்களில் முத்திரை குத்தியிருந்தது, பாதி ஸ்டாம்பின்மேல், பாதி தாளின்மேல். பெரியப்பா அன்றைக்கு எல்லோருக்கும் காப்பி போடச் சொன்னார். அவளுக்கும் ஒரு தம்ளர் கொடுக்கச் சொன்னார், வாசலில் வைத்து.

"உன் மாப்பிள்ள நல்லா இருக்கான். எடை கூடிட்டானாம். ஊர் ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்" என்று வாசித்தார்.

"வாரேன்னு எழுதலியா ஐயா?"

"முதலாளி விட மாட்டேங்கானாம். ஒரு வருஷம் என்ன, கண்ண மூடித் தொறந்தா போச்சு."

அவள் காப்பித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அதில் அவன் எழுதியிருந்ததை எனக்கு ஞாபகம் உள்ளவரை எழுதுகிறேன். நீ இருக்கச் சொன்னாய், இருக்கிறேன். கூப்பிடுவாய் என்று நினைத்தேன். இருமலில் இரண்டு தரம் ரத்தம் வந்தது, முதலாளி வேலைக்கு வர வேண்டாம் என்று தோணிக் கொட்டகையில் படுக்க இடம் கொடுத்திருக்கிறார். நீ கேட்ட ஸ்டாம்பு நாலும் கிழிக்காமல் ஒட்டியிருக்கிறேன். அதற்காகத் தபாலாபீசுக்கு நடந்து போனேன், நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். எதற்கென்று தெரியவில்லை. நீ ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அதையும் முக்கினேன். நாலும் ஒன்றாக உரிய வேண்டும், ஓரத்தில் ஒரு பல்கூடக் கிழியக் கூடாது என்று பெரியப்பா பக்கத்திலேயே நின்றார். கிழியவில்லை. "சபாஷ்" என்றார். அந்த வீட்டில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு கடுதாசி வரவில்லை.

அவள் ஞாயிறுதோறும் வந்தாள். முதலில் பெரியப்பா, "வந்தா தபால்காரன் உன் வீட்டுக்குத்தான கொண்டு வருவான், இங்கன எதுக்கு வாரே?" என்றார். அப்புறம் பெரியம்மா வாசலிலேயே, "ஐயா உறங்குதாவ" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அவள் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். பெரியம்மா உப்புத்தடத்தைக் கழுவச் சொல்லுவாள். நான் கழுவுவேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும், சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். ஸ்டாம்பு வாங்கி விற்கிறவர். பெரியப்பா வேட்டி சட்டையெல்லாம் புதிதாகப் போட்டுக்கொண்டு நாலு சங்கையும் எடுத்து வைத்தார். அவர் வெகு நேரம் பார்த்தார்.

"கடுதாசி எங்கே சார்?"

"கடுதாசியா? உரிச்சாச்சே."

"உரிச்சிட்டீங்களா?" அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். "தலைகீழா ஒரு விலையை நானே வீட்டில ரப்பர் ஸ்டாம்பு வெச்சு அடிச்சிடுவேன். இது நிஜமா தபால்ல வந்ததுன்னு எதை வெச்சு நம்புறது? ஒட்டின தாளோட, முத்திரை பாதி அதுலயும் பாதி இதுலயுமா இருந்திருந்தா இது பொக்கிஷம். கழுவின ஸ்டாம்பு வெறும் காகிதம் சார்."

பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கதவைப் பார்த்துக் கையை நீட்டினார். "இந்த மூதேவிதான் சொல்லச் சொல்லக் கேக்காம தண்ணிக்குள்ள போட்டுட்டா."

 சென்னைக்காரர் போன பிறகு பெரியப்பா என்னைப் பார்த்து, "போ. அவளைக் கூட்டிட்டு வா. கழுவுன தாளையெல்லாம் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

உப்பளத்துக்கே போனேன். கூப்பிட்டதும் அவள் உப்பு வாருகிற பலகையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "கடுதாசி வந்துட்டா? உங்க விலாசத்துக்கு வந்துட்டா?" என்று வழியெல்லாம் கேட்டாள். "தெரியாது அக்கா" என்றேன். தன் வீட்டில் ஏறி செபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பெரியப்பா அன்றைக்கு அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை, தரையில் இருந்துகொண்டு தாள்களை ஒவ்வொன்றாக விரித்தாள். எல்லாம் ஒரே மாதிரி வெளுத்த தாள், அங்கங்கே நீலக் கறை. ஆனால் அவளுக்கு ஒவ்வொன்றும் தெரிந்திருந்தது. மடிப்பை வைத்தோ, கறையை வைத்தோ, எப்படியோ.

"இது எண்ணெய் வாசம் எழுதுனது. இது ஆடு குட்டி போட்டுதான்னு கேட்டது. இது ஒரு வருசம் இருக்கப் போறேன்னது. இது..." ஒன்றைத் தடவினாள். "இதுதான் அவிய எடை கூடி, சொகமா இருக்கேன்னு எழுதுனது. மனசுக்குச் சங்கடமா இருந்தா இதைத்தான் நெஞ்சுல வச்சுப் படுப்பேன்."

அதில்தான் நாலு ஸ்டாம்பும் இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் அரை வட்டமாக முத்திரை. பெரியப்பா கையை நீட்டினார். அவள் தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எதுக்கு ஐயா?"

"கொடு. பத்திரமா வச்சிருப்பேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். கதவுக்குப் பின்னால் இருந்த என்னை நேராகப் பார்த்தாள். "ஏளா, நீயும் ரெண்டெழுத்து படிச்சவதான, நாசரேத்துக்காரி. தண்ணிக்குள்ள போடும்போது ஏதாவது கண்ணுல பட்டுதா? ஐயா வாசிச்சதுதான் இதுல இருந்துதா? நான் ஐயாவைச் சந்தேகப்படல. அவிய ஏன் எழுதாமப் போயிட்டாவன்னு எனக்கு வெளங்க மாட்டேங்கு. நீ சொல்லு."

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. இடுக்கியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பயமே இல்லை. வாசித்தே இருந்தாலும் நான் பேச மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

"எனக்குக் கூட்டெழுத்து வாசிக்க வராது அக்கா" என்றேன்.

அவள் தாளைத் தரையில் வைத்து நீவி மடித்தாள். பிறகு, "வரச் சொல்லி ஒரு கடுதாசி எழுதுங்க ஐயா. தாளைத் தாரேன்" என்றாள்.

பெரியப்பா எழுதினார். நான் வாசித்தேன். அன்றைக்கு அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார். அவனிடமிருந்து அவருக்கு இனி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவள் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நாலைந்து மாதம் கழித்து அந்தக் கடுதாசியே திரும்பி வந்தது. அனுப்புகிறவர் விலாசம் எங்கள் வீடு, அதனால் எங்களிடம் வந்தது. பிரிக்கவே இல்லை. மேலே இரண்டு மூன்று முத்திரை, குறுக்கே சிவப்பு மையில் கையால் இரண்டு வரி, இங்கிலீஷில். பெரியப்பா நின்றபடியே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் வாசித்தார்.

அவளுக்குச் சொல்லி அனுப்பினார். "தீவு மாறிப் போயிட்டானாம். விலாசம் இல்லையாம்."

"எந்தத் தீவு ஐயா?"

"அங்கன ஆயிரம் தீவு கிடக்கு. எதுன்னு கண்டேன்?"

அவள் அந்த உறையைக் கேட்டாள். கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டியபோது, "இதை முக்கிராத. அப்படியே ஆல்பத்துல வை" என்றார். அவர் அதற்குள் பாடம் படித்திருந்தார். நான் அந்தச் சிவப்பு வரியை வெகு நேரம் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவளிடம் வாசிக்கத் தெரியாது என்று சொன்னது பொய். இது நிஜம்.

பிறகு என்னைச் சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் காலமானார்கள். ஆல்பங்களைப் பிள்ளைகள் யாருக்கோ விற்றுவிட்டார்கள். நாலு சங்கும், அது ஒட்டியிருந்த வெளுத்த தாளும், திரும்பி வந்த உறையும் ஒரே பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தில் பெரியப்பா என்ன கதை எழுதி வைத்தார் என்று எனக்குத் தெரியாது.

அந்த அக்கா இருக்கிறாள். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனபோது மாதா கோயில் பக்கம் பார்த்தேன். மகன் வீட்டில் இருக்கிறாளாம். தலை முழுக்க நரை, அதில் பூ வைத்திருந்தாள். கழுத்தில் தாலி. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் பேசவில்லை.

மலர் போடுகிறவர்களுக்கு: வருஷம், ஸ்டாம்பின் நிறம், முன்னால் வந்தது எது பின்னால் வந்தது எது, இதிலெல்லாம் நான் தப்புச் சொல்லியிருக்கலாம். அந்த ஆல்பம் இப்போது யாரிடமாவது இருந்தால், முத்திரையில் உள்ள தேதியைப் பார்த்து என் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். முக்கியமாக அந்த உறையில் சிவப்பு மையில் எழுதியிருப்பது என்ன என்று இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டும். தீவு மாறினான் என்று இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா? எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவளிடம் போய் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கிறவர் அதில் உள்ளதை வாசிக்க வேண்டும்.